பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். வண்டியை நேராக ஏரிக்கரைக்கு விட்டு, நண்டு வறுவல் சாப்பிட்டு, கடற்கரையில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். "அங்க ஒண்ணுமே இல்லப்பா" என்ற பேச்சும் கூடவே கிளம்புகிறது. பொன்னேரி பக்கத்து ஆளான எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வருத்தப்படும். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் போட்டி போட்ட துறைமுகம் இது. பார்க்க வேண்டியதெல்லாம் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் தெரியும்.

முதல் தவறு, நேரம். ஊருக்குள் நடந்துதான் பார்க்க வேண்டும், நிழலோ குறைவு. காலை ஏழு, ஏழரைக்குள் வந்துவிடுங்கள். மீன் ஏலம் களை கட்டுவதும் காலையில்தான். இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாக இறங்கும். ஏலம் அவர்களுடைய பிழைப்பு என்பதால் வழியை மறிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். கூடைக்காரம்மாவைப் படம் எடுக்கும் முன் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி இல்லாதவர்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படகு. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். "ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் சார், அரை மணி நேரம்தான்" என்று யாராவது கூப்பிடக்கூடும். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாட வந்தவர்கள் போன படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பது உண்மை. அதை நம்பித்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். முகத்துவாரத்தின் பக்கம் நிலைமையே வேறு. கடலும் ஏரியும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும், மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மீன்பிடிப் படகு வலைக்கும் நாலைந்து ஆட்களுக்கும் கட்டியது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பத்துப் பதினைந்து பேர் அதில் ஏறி, செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் "வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கலங்கரை விளக்கத்துக்கும் கடற்கரைக்கும் போக ஏரிமேல் பாலமே இருக்கிறது.

கோட்டையை எதிர்பார்த்து வருவது இன்னொரு தவறு. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். கடைசியில் 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தரங்கம்பாடி கோட்டையைப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் வருகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது முட்புதர் மண்டிய ஒரு மேடும், பழைய அகழியும்தான். புதருக்குள் நுழைந்து தேட வேண்டாம், பாம்பு இருக்கும்.

கோட்டை இல்லாத குறையை டச்சுக் கல்லறைத் தோட்டம் தீர்த்துவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகள் முதலில் பயந்து, அப்புறம் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். உள்ளே படுக்கையாகக் கிடக்கும் பெரிய பலகைக் கற்களில் குடும்பச் சின்னங்களும், அவற்றைச் சுற்றிப் புடைப்பாக வெட்டிய டச்சு எழுத்துகளும் இருக்கின்றன. காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுவதால், பெயரையும் வருடத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பன்னிரண்டு மணி வெயிலில் அதே கல் வெறும் சாம்பல் நிறப் பலகையாகத்தான் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மேலே உட்கார்ந்து போட்டோவும் வேண்டாம். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், சுவர் ஏற வேண்டாம்.

அங்கே நிற்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியது துணி மட்டும் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் நிலைகுலைந்த ஆயிரக்கணக்கான மனிதர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பியது. வாங்கியவர்களுக்குச் சின்னம் பொறித்த கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. "டச்சுக்காரன் எவ்வளவு அழகா கட்டியிருக்கான்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவது, இந்த ஊரைப் பார்ப்பதில் நடக்கிற பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன்.

கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோவில் செம்புரைக்கல்லால் கட்டியது. மேல்விதானத்தில் இராமாயணக் காட்சிகளை விரல் அளவுக்குச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் பிடிபடும். மதியம் நடை சாத்திவிட்டால் அதுவும் போச்சு. மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு 1515-லிருந்து தொடங்குகிறது. பள்ளிவாசல்களுக்குப் போகிறவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். கை, கால் மறைத்த உடை எல்லா இடத்துக்கும் நல்லது. ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் கிடைத்தால் வாங்குங்கள். பேரம் பேசிப் பத்து ரூபாயைக் குறைப்பதில் ஒன்றும் பெருமை இல்லை.

பூநாரையைப் பார்க்க மே மாதம் வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அவை கூட்டமாக வருவது நவம்பர் வாக்கிலிருந்து மார்ச் வரைதான். அப்போதும் பழவேற்காட்டுக் கரையில் நின்று தேடிப் பயனில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. பறவைகள் நன்றாகத் தெரிவது அங்கேதான். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டும் அந்தப் பக்கம்தான். பழவேற்காட்டையும் ஆந்திரப் பக்கத்தையும் ஒரே நாளில் திணித்தால் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். ஆந்திரப் பக்கத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ராக்கெட் ஏவும் நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்கார முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், நேரில் போய்க் கேட்டால் விட மாட்டார்கள். சூலூர்பேட்டையில் தெலுங்கு தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.