ஓய்வுக்கு இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்வது எப்படி?

ஓய்வுக்காலத் திட்டம் என்றதும் பெரும்பாலானோர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். எப்போது ஓய்வு பெறுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களாவது இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. மூன்று முதல் ஆறு மாதங்கள் கூடுதலாக வேலை பார்ப்பது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து சம்பளத்தில் மேலும் 1 சதவீதம் சேமித்ததற்கு ஈடாகும் என்று அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். தாமதமாக வாங்கத் தொடங்கினால் ஓய்வூதியம் கூடும் என்ற அந்நாட்டு விதியும் அதில் சேர்ந்திருப்பதால், அதே அளவுப் பலன் எல்லா நாடுகளிலும் கிடைக்காது.

ஆனால் தேதி நம் கையில் மட்டும் இல்லை. உடல்நலக் குறைவு, ஆட்குறைப்பு, வீட்டில் நோயுற்றவரைக் கவனிக்க வேண்டிய நிலை ஆகியவற்றால் நினைத்ததற்கு முன்பே வேலையை விட நேர்ந்தவர்கள் ஏராளம். எனவே நீங்கள் விரும்பும் தேதியை ஒரு தாளில் எழுதி, அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தைய தேதி ஒன்றையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கை இரண்டு தேதிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

முதலில், கடந்த பன்னிரண்டு மாதங்களின் செலவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். நினைவிலிருந்து சொல்லும் தொகை அநேகமாகக் குறைவாகவே இருக்கும். ஆண்டுச் செலவு 100, உறுதியாக வரக்கூடிய ஓய்வூதியம் 40 என்று வைத்துக்கொண்டால், மீதி 60ஐச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தத் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனாலும், பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த முதலீடு முப்பது ஆண்டுகளுக்காவது தாங்கியிருக்கும் என்று அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களைக் கொண்டு கண்டறிந்தார். அதன்படி, 60 என்பது 4 சதவீதமாக இருக்க வேண்டுமானால் தேவையான சேமிப்பு 1500, அதாவது 60ஐப் போல் 25 மடங்கு. இது ஒரு நாட்டின் கடந்தகாலத்தை வைத்துச் சொன்னது. தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

இப்போது கையில் 1200தான் இருக்கிறது என்போம். இன்னும் ஓராண்டு வேலை பார்த்தால், விலைவாசி உயர்வு போக 3 சதவீத வருமானமாக 36ம், புதிய சேமிப்பாக 30ம் சேர்ந்து தொகை 1266 ஆகிறது. ஓய்வுக்காலத்திலும் ஓராண்டு குறைகிறது. மறுபுறம், 1500 சேர்ந்த பிறகே ஓய்வு பெற்றாலும், 60ஐ எடுத்த முதல் ஆண்டிலேயே சந்தை 20 சதவீதம் சரிந்தால் மிஞ்சுவது 1152. அடுத்த ஆண்டும் அதே 60ஐ எடுத்தால் அது 4 சதவீதமாக இராது, 5.2 சதவீதமாகிவிடும். இதே சரிவு பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தால் பாதிப்பு இவ்வளவு இராது. ஆகவே ஓய்வை ஒட்டிய சில ஆண்டுகளுக்கான செலவுத் தொகையைப் பங்குகளில் வைக்காமல் வைப்புத் தொகை போன்றவற்றில் ஒதுக்கி வையுங்கள்.

சேமிப்பு விகிதத்தை உயர்த்த மன உறுதியை நம்பியிருக்க வேண்டாம். பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்டு தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயர முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு, நாற்பது மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாகியது. உயர்வு கைக்கு வருமுன்பே பிடித்தம் ஆகிவிடுவதால் இழப்பாகத் தோன்றுவதில்லை. அடுத்த சம்பள உயர்வில் பாதியை இப்படித் திருப்பிவிட, சம்பளப் பிரிவிலோ வங்கியிலோ இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முந்தைய தேதிக்கான கணக்கில் பற்றாக்குறை விழுந்தால், முதலில் அந்தத் தேதிக்குள் எந்தக் கடன் தவணைகளை முடிக்க முடியும் என்று பாருங்கள். ஆண்டுச் செலவில் 5 குறைந்தாலே தேவையான தொகையில் 125 குறைந்துவிடும்.