சேபர் வாளோடு பயனெட்டை எதிர்கொள்வது எப்படி

முதலில் நீளத்தைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி இடுப்பில் தொங்கிய சேபரின், அதாவது லேசாக வளைந்த ஒற்றைக்கை வாளின் அலகு சுமார் 82 செ.மீ. எதிரே நிற்கும் சிப்பாயின் 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியை, முனையில் மாட்டிய பயனெட் என்கிற குத்துக்கத்தியோடு சேர்த்து அளந்தால் 1.8 மீட்டர் வரும், எடை நாலு கிலோவைத் தாண்டும். வாளோ ஒரு கிலோகூட இருக்காது. அதனால் அவனுக்கு நீங்கள் எட்டுவீர்கள், உங்களுக்கு அவன் எட்டமாட்டான் என்று ஓர் இடைப்பட்ட தூரம் இருக்கிறது, வாள்காரன் சாவதெல்லாம் அங்கேதான். ஒன்று அதற்கு வெளியே நில்லுங்கள், இல்லை அதை ஒரே மூச்சில் கடந்து உள்ளே போய்விடுங்கள். நடுவில் நின்று வாளை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு பேருமே வலது கைக்காரர்கள் என்று வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். சிப்பாய் இடது காலை முன்னால் வைத்து, இடது கையால் துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்து, வலது கையை இடுப்போரம் வைத்து நிற்பான். நீங்கள் வலது காலை முன்வைத்து, வாள் பிடித்த கையை வலப்பக்கம் மார்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, நுனியை அவன் முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். கையை ரொம்ப நீட்டிவிட்டால் அவன் முதலில் தட்டப்போவது உங்கள் வாளைத்தான், நாலு கிலோ எடை அதில் மோதினால் வாள் எங்கேயோ போய்விடும். இடது கையைப் பழைய வாள்வீச்சுக்காரர்கள் போல இடுப்பிலோ முதுகுப்பக்கமோ வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். அதை மார்புக்கு முன்னால் கொண்டு வாருங்கள், வேலை இருக்கிறது.

குத்து வரும்போது பலரும் செய்கிற தப்பு, முன்கூட்டியே பெரிதாக வீசித் தடுக்கப் பார்ப்பது. துப்பாக்கி கனமானதுதான், ஆனால் அதை இரண்டு கையால் பிடித்திருக்கிறான், வலது கையை லேசாக அசைத்தாலே முனை உங்கள் வாளுக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டு மறுபக்கம் வந்துவிடும். அதனால் பொறுங்கள். முனை நிஜமாகவே கிளம்பி, அவன் உடம்பு எடையும் அதோடு சேர்ந்து முன்னால் வந்த பிறகு, கைப்பிடியை ஒட்டிய கெட்டியான பகுதியால் பயனெட்டின் மெல்லிய பக்கத்தைத் தள்ளுங்கள். வாள்நுனியால் தடுத்தால் நெம்புகோல் கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும், துப்பாக்கி வாளைத் தள்ளிக்கொண்டே வந்து வயிற்றில் இறங்கும்.

எந்தப் பக்கம் தள்ளுவது? முடிந்தவரை உங்கள் இடப்பக்கம். தள்ளும்போதே உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் விலக்குங்கள். இப்படிப் போனால் அவனுடைய இடது தோளுக்கு வெளியே, கிட்டத்தட்ட முதுகுப்பக்கம் வந்து நிற்பீர்கள், துப்பாக்கியின் பின்கட்டை அவனுடைய வலது இடுப்போரம் மாட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுழற்றி உங்கள் தாடையில் இறக்க அவன் முழுசாகத் திரும்ப வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் கட்டை வர வழி திறந்துவிடும், பிடிக்க வேண்டிய இடது கையும் குறுக்கே போக வேண்டியிருக்கும். அப்படித் தள்ளும்படி ஆகிவிட்டால் உள்ளே போக ஆசைப்படாதீர்கள், அவன் முன்கையில் ஒரு வெட்டு போட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். குத்து முகத்துக்கு நேராக உயர வந்தால் கையைத் தலைமட்டத்துக்குத் தூக்கி, நுனி கீழே தொங்க, அதே இடப்பக்கம் துடைத்துத் தள்ளலாம்.

அப்புறம் இடது கை. வாள் தட்டியவுடனே இடது காலை முன்னால் எடுத்து வைத்து, அதே வேகத்தில் துப்பாக்கிக் குழாயைப் பிடித்து இடப்பக்கமாக அழுத்துங்கள், கை பிடித்த பிறகுதான் வாளை எடுக்க வேண்டும், முன்னாலேயே எடுத்தால் முனை திரும்பி வந்துவிடும். இந்தக் கணத்தில் வாள் விடுதலையாகி நிற்கிறது, அவனுக்கோ இரண்டு கையும் துப்பாக்கியோடு கட்டுண்டு கிடக்கின்றன, வெட்டலாம், குத்தலாம், கைப்பிடியாலேயே முகத்தில் இடிக்கலாம். இது சும்மா புத்தக வித்தை கிடையாது. 1849-இல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா, குஜ்ராத் (மாநிலம் அல்ல, பஞ்சாபில் உள்ள ஊர்) போர்களில் சீக்கிய வீரர்கள் பிரிட்டிஷ் பயனெட்டுகளை இடது கையால் பற்றிக்கொண்டு வலது கையால் தல்வார் என்ற வளைந்த வாளை வீசியதை எதிர்த்தரப்பு அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய குழாய் வகைப் பயனெட் முக்கோணக் குறுக்குவெட்டு கொண்டது, குத்தத்தான் கூர், பக்கவாட்டில் வெட்டாது, அதனால் பிடித்தாலும் விரல் மிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவிய வாள் வகைப் பயனெட் அப்படி அல்ல. 1866 மாடல் பிரெஞ்சு ஷாஸ்போ துப்பாக்கியின், யதகான் என்ற துருக்கி வாள்போல வளைந்த பயனெட் 57 செ.மீ. அலகு கொண்ட முழுக் கத்தி. அதன் எதிரில் மரமும் குழாயும் மட்டுமே பிடிக்கும் இடம்.

உள்ளே போகத் துணிவு இல்லையா, பரவாயில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது அவனுடைய இடது கைதான். உங்கள் கைக்கு வாளின் காவல்தகடு இருக்கிறது, அவன் கைக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு மிக அருகில் இருக்கும் இலக்கும் அதுவே. அவன் உங்கள் காலைக் குறிவைத்துக் கீழே குத்தினால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அந்த விரல்களை வெட்டுங்கள். நின்று தடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சில சிப்பாய்கள் இடது கையை விட்டுவிட்டு வலது கையால் மட்டும் துப்பாக்கியை முன்னால் எறிவதுபோல் குத்துவார்கள். தூரம் திடீரென்று கூடும், பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒற்றைக் கையில் அவ்வளவு எடையை நீட்டிப் பிடித்திருப்பவனுக்கு அதைத் திருப்ப முடியாது. இந்த ஒரு குத்தைத் தட்டிவிட்டால் வழி திறந்தே கிடக்கும். பயிற்சியில் இதைத் தனியாகப் பழகுங்கள்.

பயிற்சிக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே முனை குழாய்க்குள் பின்வாங்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகள் இருந்தன, 1880-இல் லண்டன் இஸ்லிங்டனில் தொடங்கிய ராணுவப் போட்டிகளில் வாளும் பயனெட்டும் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இன்றைக்கு வளையும் ரப்பர் முனை வைத்த நைலான் துப்பாக்கி போதும். முகமூடி, தொண்டைக் காப்பு, கெட்டியான கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள், துப்பாக்கி பிடிப்பவர் முழு எடையையும் போட்டுக் குத்தக் கூடாது. கட்டையால் அடிப்பது வெறும் தொடுதலோடு நிற்கட்டும். முதல் சில வாரம் ஒரே குத்து, ஒரே தடுப்பு, ஒரே பிடி என்று மெதுவாகப் போங்கள்.

இதெல்லாம் ஒருவனுக்கு ஒருவன் என்றால் சரி. வரிசையாக நிற்கும் காலாட்படை முன்னால் கதை வேறு, ஒருவன் துப்பாக்கியை நீங்கள் பிடித்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் சும்மா நிற்கமாட்டான். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடனில் பிரிட்டிஷ் அரசுப் படையோடு மோதிய ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள் இடது கைக் கேடயத்தில் பயனெட்டை வாங்கிக்கொண்டு வலது கை வாளை ஓங்குபவர்கள். அதற்காகவே அரசுத் தளபதி கம்பர்லாந்தின் படைக்கு, நேரே வருபவனை விட்டுவிட்டு வலப்பக்கத்துத் தோழனைத் தாக்குபவனைக் குத்தும்படி பழக்கியிருந்தார்கள், ஓங்கிய கையின் அக்குளில் கேடயம் இருக்காதே. ஆகவே இரண்டாவது பயனெட் கண்ணில் பட்டால் பிடித்ததை விடுங்கள், கையைத் தூக்காதீர்கள், முதல் ஆள் இரண்டாமவனுக்குக் குறுக்கே வரும்படி அவனுக்கு வெளிப்பக்கமாக நகருங்கள், அதற்கும் இடம் இல்லையென்றால் பின்னால் ஓடுங்கள்.