காய்ச்சல் போயும் தலை தெளியவில்லையா? ரத்தப் பரிசோதனையை எந்த வரிசையில் எடுப்பது

டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் என எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், அது இறங்கிய பிறகும் சிலருக்கு மறதி, கிறுகிறுப்பு, கால் மரமரப்பு மாதக்கணக்கில் நீடிக்கிறது. ‘இது வைரஸ் விட்டுப்போன நரம்புக் கோளாறுதான்’ என்று உறுதியாகச் சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அதே தொல்லையைத் தரும், மருந்தால் சரியாகும் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் கொடுக்கிறோம்.

காய்ச்சலுக்குப் பின் சில வாரங்களில் இரண்டு காலும் பலமிழந்து அது மேலே ஏறினால், முகம் கோணினால், உடலின் ஒரு பக்கம் செயலிழந்தால், வலிப்பு வந்தால், சிறுநீர் அடைத்தால், ஆள் அரைமயக்கமாக இருந்தால் லேபுக்குப் போகாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் முதல் சுற்றில் எடுக்க வேண்டியவை: முழு ரத்த அணுக்கள், சோடியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), வைட்டமின் பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்புக்கு), சி.ஆர்.பி. (அழற்சிக்கு). காய்ச்சலே தைராய்டு அளவைத் தற்காலிகமாக மாற்றும் என்பதால், அவசரமில்லை என்றால் டி.எஸ்.எச்.சைக் காய்ச்சல் இறங்கி 6 முதல் 8 வாரம் கழித்து எடுங்கள். சோடியத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்தாலே குழப்பமும் தள்ளாட்டமும் வரும். ஃபெரிட்டினைத் தனியாகப் படிக்கக் கூடாது. உடலில் அழற்சி இருந்தால் அது பொய்யாக உயரும், அதனால்தான் கூடவே சி.ஆர்.பி.

அதிகம் தவறுவது பி12-இல். மரமரப்பு என்றதும் பலர் நரம்பு ஊசி (பி12 ஊசி) போட்டுக்கொண்டு அதற்குப் பிறகு ரத்தம் கொடுக்கிறார்கள். அளவு ஏறி நிற்கும், குறைபாடு மறைந்துவிடும். ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை என்றால் சந்தேகம். பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மெத்தில் மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்க்கச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ அசிடிட்டி மாத்திரையோ சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பி12 குறைவால் நரம்பு கெடலாம்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

செட்டிநாட்டுப் பக்கம், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐயாவுக்கும் ஆயாவுக்கும் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். கானாடுகாத்தானில் எடுத்த குழாய் வெயிலில் பைக்கில் சுற்றிக் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அணுக்களைப் பிரிக்காத ரத்தத்தில் சர்க்கரையும் மணிக்கு மணி குறையும். சர்க்கரைக்கு, அது குறையாமல் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்களா, மற்றதை எத்தனை மணி நேரத்தில் சுழற்றிப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். நடக்க முடிந்தால் காலையில் நேரே லேபுக்குப் போவதே நல்லது.

இனி, நரம்பு சேதக் குறியீடுகள். நியூரோஃபிலமெண்ட் லைட் என்ற புரதம் நரம்பிழை கெடும்போது ரத்தத்தில் கூடும், ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் மூளையின் தாங்குசெல்களில் இருந்து வருவது. நல்ல ஆராய்ச்சிக் கருவிகள்தான், ஆனால் எதனால் சேதம் என்பதை இவை சொல்லாது. நியூரோஃபிலமெண்ட் வயதானாலும் கூடும், சிறுநீரகம் தளர்ந்தாலும் கூடும், உடல் பருமனாக இருந்தால் குறைந்து தெரியும். 2021-இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் 100 கோவிட் நோயாளிகளைப் பார்த்தார்கள். தொல்லை நீடித்தவர்களுக்கும்கூட 6 மாதத்தில் இந்த அளவுகள் இயல்புக்கு வந்துவிட்டன. ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக ‘உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்’ என்று யாரையும் ஒதுக்குவது அநியாயம். நரம்பியல் மருத்துவர் கேட்டால் மட்டும் எடுங்கள். மறுபடி எடுப்பதென்றால் அதே லேபில், அதே முறையில் எடுங்கள்; இரண்டு லேப் எண்களை ஒப்பிட முடியாது.

மதுரைக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது காய்ச்சல் தொடங்கிய தேதி, டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், கடைசி பி12 ஊசி போட்ட நாள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.