வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்க ஆள் வைப்பது: மதுரையில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு

துணை இல்லாமல் பிள்ளையோடு தனித்து நிற்கிற முதல் மாதத்தில் ஆள் தேட இறங்காதீர்கள். அந்தக் கலக்கத்தில் வாசலுக்கு வருகிற முதல் ஆளே போதும் என்று தோன்றிவிடும். ஆறு வாரத்துக்கு அம்மாச்சியோ அப்பத்தாவோ வந்து இருக்கட்டும். அவர்களுக்கும் முடியாதென்றால் பகலில் வந்துபோகிற ஆளை வைத்து ஓட்டுங்கள்.

அந்த ஆறு வாரத்தில் வீட்டின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிப் பாருங்கள். கை எங்கே போதவில்லை என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து எட்டு, இந்த இரண்டு வேளைக்குத்தான் ஆள் தேவைப்படும். இரவு ஷிப்ட் வேலை இருந்தால், அல்லது பிள்ளைக்கு வயது இரண்டுக்குள் இருந்து நீங்கள் விடியுமுன் கிளம்ப வேண்டியிருந்தால் மட்டுமே தங்கி இருக்கிற ஆள் வேண்டும்.

மின்கம்பத்தில் ஒட்டிய நம்பரைப் பார்த்து ஆள் எடுக்க வேண்டாம். சமீபத்தில் பிரசவம் ஆன வீடுகளில் கேளுங்கள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டி, தாய்க்குப் பத்தியம் சமைத்து மூன்று மாதம் கூடவே இருந்த அக்காமார்கள் பலர் அடுத்த வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் சொந்தம் இருந்தால் அந்த ஊர் மகளிர் குழுத் தலைவியிடம் சொல்லிவையுங்கள். யார் வீட்டில் என்ன நிலை என்று அவருக்குத் தெரியும். ஏஜென்சி மூலம் எடுத்தால், முப்பது நாளுக்குள் ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆளா, பணமா என்பதை எழுதி வாங்குங்கள். சம்பளம் நேரே அவர் கைக்குத்தான் போக வேண்டும்.

சொந்தக்காரர் ஒருவர் ஊரிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து, "படிக்க வச்சுக்கிட்டுக் கூடமாட வச்சுக்கோ" என்பார். மறுத்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டவரை வீட்டுவேலைக்கு வைப்பது குற்றம். 18 ஆகாத யாரையும் இந்தப் பொறுப்பில் வைக்காதீர்கள்.

பேசும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். "கடைசியாப் பார்த்த வீட்டுல ஏன் வேலையை விட்டு நின்னீங்க?" பதிலை அந்த வீட்டிலும் போன் போட்டு ஒத்துப்பாருங்கள். "உங்க பிள்ளைகளை யார் பாத்துக்கிறாங்க?" ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவருகிற தாய்க்கு மனசு அங்கேதான் கிடக்கும், அது குறை இல்லை, ஆனால் அவர் நிலைக்க மாட்டார். ஐம்பதை ஒட்டிய, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட பெண் பெரும்பாலும் பொருந்துவார். மாடி வீடென்றால் பத்துக் கிலோப் பிள்ளையைத் தூக்கிப் படியேற முழங்கால் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். உங்கள் செலவில் சுகர், பிரஷர், கண் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆதார் நகல் போதும். அசலை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆள் வருமுன்பே நகையை பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோய்விடுங்கள். பிறகு ஒரு கம்மல் காணாமல் போனாலும் அவரைச் சந்தேகப்பட வேண்டி வராது.

முதல் மூன்று நாள் பகலில் மட்டும் வரட்டும், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். தண்ணீரின் சூட்டை முழங்கையில் தொட்டுப் பார்க்கிறாரா, பிள்ளையை உட்கார வைத்து ஊட்டுகிறாரா, பாத்ரூம் வாளியில் தண்ணீரை நிரப்பி விட்டுவிட்டுப் போகிறாரா என்று கவனியுங்கள். தவழுகிற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு இல்லையென்றால் அன்றே போடுங்கள். அடுத்து இரண்டு இரவு தங்கவையுங்கள். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் வெளியே போய்வாருங்கள்.

ஆள் நின்றுபோவது பெரும்பாலும் சம்பளத்தால் இல்லை. தூக்கம், சோறு, லீவு, இந்த மூன்றால்தான். இரவில் பிள்ளைக்காக எழுகிறவருக்கு மதியம் இரண்டு மணி நேரம் படுக்க விட வேண்டும். எழுதிவைத்தால்தான் அது நடக்கும். கட்டில், காத்தாடி, சாவி போட்ட ஒரு அலமாரித் தட்டு கொடுங்கள். நீங்கள் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடட்டும். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அவர் வருமுன் அதை ஒழியுங்கள். கேமரா இருந்தால் சொல்லிவிடுங்கள். அவர் படுக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் கூடாது.

கமுதி, சாயல்குடிப் பக்கத்து ஆளுக்கு வாரம் ஒரு ஞாயிறு லீவு பயணத்திலேயே கழிந்துவிடும். மாதத்தில் இரண்டு முறை, இரண்டிரண்டு நாளாகச் சேர்த்துக் கொடுங்கள். மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகிறவரை எந்தச் சம்பளமும் நிறுத்தாது. அலங்காநல்லூர், பாலமேட்டு ஆளென்றால் தைப்பொங்கலுக்கு உங்கள் வீட்டில் இருக்க மாட்டார். ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து, அந்த நாட்களுக்கு மாற்று ஆளைச் சொல்லிவையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பொங்கலன்று ஆபீஸுக்கும் அடுப்புக்கும் நடுவில் மாட்டுகிறார்கள்.

குழுக் கடனை வாரந்தோறும் கட்டுகிற பெண்கள் அதிகம். சம்பளத்தை வாரமாகப் பிரித்துத் தந்தால் அட்வான்ஸ் கேட்கவே மாட்டார்கள். கேட்டாலும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். கடனைக் காட்டி ஊருக்குப் போகவிடாமல் வைப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு தருகிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் அவரை உங்கள் செலவில் சேர்த்துவிடுங்கள்.

கைவைத்தியத்தை முதல் நாளே, மரியாதையாக, தெளிவாகப் பேசுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, வசம்பு, ஜாதிக்காய் மாதிரி உரைமருந்து உரசி ஊற்றுவது, ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பது, இவையெல்லாம் அவர் அன்பினால் செய்கிறவை. ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போகும்; தேன் கைக்குழந்தைக்கு நஞ்சாகலாம். "அக்கா, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு" என்று பழியை டாக்டர் மேல் போட்டால் அவருக்கும் மனம் நோகாது. வயிற்றுப்போக்கென்றால் ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக் கூடாது.

மனைவி இல்லாத தகப்பன் என்றால், வீட்டில் உங்கள் அம்மாவோ அக்காவோ இல்லாமல் தங்கும் பெண் ஆள் வைப்பது அவருக்கும் சங்கடம். வயதான தம்பதியாகக் கிடைத்தால் நல்லது.

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், பிள்ளையை யார் யார் கூட்டிப்போகலாம், எந்த நாளில் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் போட்டோ காட்டுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால் கதவைத் திறக்காமல் உங்களுக்கு போன். அதே தாளில் ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098, உங்கள் டாக்டர் நம்பர், சாவி வைத்திருக்கிற பக்கத்து வீட்டு நம்பர் நான்கையும் எழுதி, அவர் போனிலும் ஸ்பீட் டயலில் போட்டு, ஒரு முறை அவர் கையாலேயே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.