காசிமேட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? தொடர்புடைய தேடுசொற்களைக் கண்டறிந்து எழுதும் முறை

காசிமேட்டில் மீன் வாங்குவது பற்றி நான் முதன்முதலில் எழுதிய கட்டுரைக்குச் ‘சென்னை மீன்பிடித் துறைமுகம்’ என்ற அலுவல் பெயரையே தலைப்பாக வைத்திருந்தேன். பல வாரங்கள் ஆகியும் தேடல் வழியாக யாரும் வரவில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியாததன்று. எழுதும்போது அதை நினைக்கவில்லை. ‘காசிமேடு மீன் மார்க்கெட்’ என்பதே மக்கள் வாயில் இருக்கும் பெயர். அதைச் சுற்றி எழும் ஏலம் எப்போது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எப்படி, மீனை வெட்டிச் சுத்தம் செய்து தருவார்களா, வஞ்சிரம் என்ன விலை என்ற கேள்விகளே தொடர்புடைய தேடுசொற்கள். ஆகவே அவற்றைக் கட்டுரை முடிந்தபின் தூவும் அலங்காரமாகக் கருதாமல், கட்டுரையில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் பட்டியலாக முதலிலேயே திரட்ட வேண்டும்.

திரட்டுவதற்குக் கட்டணக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய தேடல்களின் சாயல் படியாதிருக்க உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, கூகுளில் ‘காசிமேடு மீன்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்து அ, இ, எ, க, வ என ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பட்டியல் மாறும். பிறகு தேடல் முடிவுகளுக்கு நடுவே வரும் ‘மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்’ என்ற பெட்டியில் ஒரு கேள்வியைத் திறந்தால், அதன் கீழே மேலும் சில கேள்விகள் சேர்ந்துகொள்ளும். பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் நாற்பது சொற்றொடர்களாவது கையில் இருக்கும்.

தமிழில் எழுதுபவர் இங்கே கூடுதலாக ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்தில் தட்டுபவரும், ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டுபவரும், நேராக ஆங்கிலத்திலேயே கேட்பவரும் இருக்கிறார்கள். இந்த மூன்று வழியிலும் தேடிப் பார்த்தால்தான் கேள்விகளின் முழு வீச்சு தெரியும். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடும் இடங்களையும் கவனியுங்கள்: நாம் ‘சந்தை’ என்று எழுதுகிறோம், தேடுபவர் ‘மார்க்கெட்’ என்கிறார். நாம் வஞ்சிரம் என்பதைக் கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள். அங்கிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர் அந்தப் பெயரைத்தான் தட்டுவார். ‘வஞ்சிரம், அதாவது நெய்மீன்’ என்று ஒரே ஒருமுறை எழுதினால் போதும், இருவருக்கும் வழி திறந்துவிடும். காசிமேட்டில், காசிமேட்டுக்கு, காசிமேட்டு என்று வேற்றுமைக்கேற்பச் சொல் உருமாறுவதைப் பற்றிக் கவலைப்பட்டு, வாக்கியத்துக்குப் பொருந்தாத இடத்திலும் ‘காசிமேடு’ என்று மொட்டையாக நிறுத்துவது வாசிப்பவரை உறுத்தும். தலைப்பிலும் ஓரிரு துணைத்தலைப்புகளிலும் அடிவடிவம் இருந்தால் போதும்.

திரட்டியதைப் பிரிப்பதுதான் கடினமான வேலை, அதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். இரண்டு சொற்றொடர்கள் ஒரே கட்டுரைக்குள் அடங்குமா என்று ஐயம் வந்தால், இரண்டையும் தனித்தனியே தேடி முதல் பத்து முடிவுகளை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால் கேள்வி ஒன்றே என்று கொண்டு ஒரே கட்டுரையில் எழுதலாம். ‘காசிமேடு மீன் மார்க்கெட் நேரம்’, ‘காசிமேடு ஏலம் எப்போது’ ஆகியவற்றை இப்படிச் சோதித்துச் சேர்க்கலாம். ‘வஞ்சிரம் மீன் குழம்பு’ என்று தேடுபவரோ சமையலறையில் நிற்பவர். அவருக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒரே கேள்விக்கு இரண்டு கட்டுரைகள் எழுதினால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும்.

பிரித்த சொற்களில் முதன்மையானதைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வையுங்கள். மற்றவை துணைத்தலைப்புகளாகட்டும், ஒவ்வொன்றின் கீழும் முதல் வாக்கியத்திலேயே விடை இருக்கட்டும். படங்களுக்கான மாற்று உரையில் (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் சிறு விவரிப்பில்), படத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பக்க நிரலில் தேடுசொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்டு குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பொருளால் தொடர்புடைய இந்தச் சொற்களைச் சேர்த்தால் கூகுள் மேலே காட்டும் என்று சொல்லி, ‘எல்.எஸ்.ஐ. தேடுசொற்கள்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்டியல்களையும் நம்ப வேண்டாம். அப்படி ஒன்று இல்லை என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் வெளிப்படையாகவே சொன்னார். ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பதோ, கூகுளின் ஸ்பேம் கொள்கைகளில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அதைப் பற்றிய பகுதியை மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட வேண்டும். கூகுள் டிரெண்ட்ஸில் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம். அங்கே தெரியும் 0 முதல் 100 வரையான அளவு ஒப்பீடு மட்டுமே, தேடியவர்களின் எண்ணிக்கையன்று.

வெளியிட்ட இரண்டு மாதம் கழித்து, நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் சொடுக்கப்படவில்லை என்று பாருங்கள். 16 மாதத் தரவு வரை அங்கே கிடைக்கும். ‘தடைக்காலத்தில் மீன் கிடைக்குமா’ என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருந்து, உங்கள் கட்டுரையில் அதற்கு விடை இல்லையென்றால், தடை விசைப்படகுகளுக்கே உரியது, கரையோரத்தில் சிறு படகுகள் பிடித்துவரும் மீன் அப்போதும் வரும், ஆனால் வரத்து குறைவதால் விலை கூடும் என்று ஒரு துணைத்தலைப்பின் கீழ் எழுதிச் சேர்த்து, திருத்திய தேதியையும் மாற்றிவிடுங்கள்.