கணக்குப் போட எந்த லெட் பென்சில்?

வேலூர் சத்துவாச்சாரியில் 15 வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் லெட் பென்சில்களில் (அமுக்கினால் லெட் வெளியே வரும் வகை) பாதி, அழகைப் பார்த்து வாங்கியவை.

அடுக்குக்குறி, கீழ்க்குறி எல்லாம் பொடியாக எழுத 0.5 மில்லிமீட்டர் லெட்தான் சரி. அழுத்தி எழுதும் கை என்றால் 0.7 எடுங்கள், இல்லாவிட்டால் படக் படக்கென்று ஒடியும். ரகம் ஹெச்பி போதும். 2பி நல்ல கறுப்பு, ஆனால் நம் வேலூர் மே மாதத்தில் வியர்த்த கை பட்டால் பக்கமே சாம்பல் பூசிக்கொள்ளும்.

லாங்கு பஜார் கடையில் நின்றபடியே சோதியுங்கள். இரண்டு தடவை அமுக்கி, தாளில் செங்குத்தாக ஊன்றுங்கள். லெட் உள்ளே நழுவினால் வைத்துவிட்டு வாருங்கள். முனை ஆடினாலும் அப்படியே. ஸ்கேல் வைத்துக் கோடு போட, முனைக்குழாய் நீளமாக இருப்பது வசதி. கீழே விழுந்தால் வளைந்துவிடும், அவ்வளவுதான். என்னுடையது அப்படித்தான் போனது.

காசு இருந்தால் யூனி கம்பெனியின் குரு டோகா பென்சில் வாங்குங்கள். தாளைத் தொட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் லெட் கொஞ்சம் சுழலும், முனை சீராகத் தேயும். விட்டு விட்டு எழுதும் கணக்குக்கு இது பொருத்தம், கூட்டெழுத்து ஆங்கிலத்துக்கு அவ்வளவு பலன் இல்லை.

அப்புறம், பின்னால் இருக்கும் குட்டி ரப்பரை நம்பாதீர்கள். தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.