ஆடி மாசத்து லீவும் ஆவணி முகூர்த்தமும்: இங்கிலாந்துல பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பப் போறவங்களுக்கு

செப்டம்பர் வரப்போகுது, ஸ்கூல் திறக்கப் போறாங்க, புதுசா வந்த நம்மாளுங்க தினம் ரெண்டு பேராவது போன் பண்ணி ஒரே கேள்விய கேக்குறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் உக்காந்து டைப் பண்றேன். நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் போனவங்க அங்க உள்ளவங்கள கேட்டுக்கோங்க, ரூல்ஸ் வேற வேற. அப்புறம் நான் இருக்கிறது கிழக்குப் பக்கம் ஒரு கிராமம், மொத்தமே அறுபத்தி சொச்சம் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல். லண்டன்ல இருக்கிறவங்களுக்கு சில விஷயம் வித்தியாசமா இருக்கலாம்.

சேக்குறது பெரிய வேலை இல்ல. வருஷத்து நடுவுல வந்தீங்கன்னா கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) வெப்சைட்ல இன்-இயர் அப்ளிகேஷன் போடணும், சில இடத்துல நேரா ஸ்கூல்லயே கேப்பாங்க. வீட்டு விலாசத்துக்கு ஒரு ப்ரூஃப், பிள்ளையோட பாஸ்போர்ட், அவ்ளோதான். டொனேஷன் கிடையாது, இன்டர்வியூ கிடையாது. நான் ஊர்ல டிசிய வாங்கி லேமினேட் எல்லாம் பண்ணி பத்திரமா கொண்டு வந்தேன், இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட கேக்கல. எந்த கிளாஸ்ங்கிறது வயசு வச்சுத்தான், ஆகஸ்ட் 31 தான் கட் ஆஃப், "எங்க பையன் நல்லா படிப்பான், ஒரு கிளாஸ் மேல போடுங்க" எல்லாம் இங்க நடக்காது. சின்னப் பிள்ளை இருந்தா, அடுத்த செப்டம்பர் ரிசப்ஷன் கிளாஸுக்கு (நாலு வயசு முடிஞ்சதும் சேக்குற முதல் கிளாஸ், நம்ம யூகேஜி மாதிரி) ஜனவரி 15க்குள்ள அப்ளை பண்ணணும், ஏப்ரல் 16 ரிசல்ட் வரும். இந்த தேதிய மட்டும் விட்றாதீங்க.

யூனிஃபார்ம் ஆஸ்டா, டெஸ்கோ, ஆல்டி எதுலயும் கிடைக்கும், வெள்ளை போலோ சட்டை, சாம்பல் கலர் பேன்ட், கருப்பு ஷூ. லோகோ போட்ட ஸ்வெட்டர் மட்டும் ஸ்கூல் சொல்ற எடத்துல. பேரன்ட்ஸ் சேந்து பழைய யூனிஃபார்ம் ஒரு பவுண்ட் ரெண்டு பவுண்டுக்கு விப்பாங்க, அதுல வாங்க நம்மாளுங்களுக்கு ஒரு கூச்சம். எதுக்கு கூச்சம்? இந்த ஊர்க்காரங்களே கார்ல வந்து இறங்கி அதுல தேடித்தேடி வாங்குறாங்க. வாங்கினதும் எல்லாத்துலயும் பேர் எழுதுங்க, சாக்ஸ் உட்பட. முப்பது ஸ்வெட்டர் ஒரே மாதிரி தரையில கெடக்கும், சாயங்காலம் நீங்க எதை எடுப்பீங்க?

சின்ன ஸ்கூல்னா ரெண்டு கிளாஸ சேத்து ஒரே ரூம்ல வச்சிருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் முதல் நாள் பாத்துட்டு "என்ன இது, மூணாப்பும் நாலாப்பும் ஒண்ணா இருக்கு, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்"னு முகத்த தொங்கப் போட்டுட்டாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. எங்கம்மா கோவில்பட்டி பக்கத்துல ஈராசிரியர் பள்ளியில இருபது வருஷம் வேலை பாத்தவங்க, ஒரு பக்கம் ஒண்ணாப்புக்கு அ ஆ எழுதிக் குடுத்துட்டு இன்னொரு பக்கம் அஞ்சாப்புக்கு கணக்கு போடுவாங்க, அங்க படிச்ச பிள்ளைங்க நிறைய பேர் நல்லாத்தான் இருக்காங்க. அதனால அதப் பாத்து பயப்படாதீங்க.

சாப்பாடு: ரிசப்ஷன்ல இருந்து இயர் 2 வரைக்கும் மதிய சாப்பாடு ஃப்ரீ, எல்லாப் பிள்ளைக்கும். இயர் 3ல இருந்து காசு, இல்லன்னா டப்பா கட்டணும். தயிர்சாதம், இட்லிப்பொடி தடவின தோசை எல்லாம் தாராளமா குடுத்து அனுப்புங்க, ஆனா வேர்க்கடலை மட்டும் வேணாம், அலர்ஜி பயத்துல நிறைய ஸ்கூல் நட்ஸே கூடாதுன்னு வச்சிருக்காங்க. நான் ஊர்ப்பெருமைய காட்டுறேன்னு என் பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு பை நிறைய கோவில்பட்டி கடலை மிட்டாய் குடுத்து விட்டேன். கிளாஸ் வாசல் தாண்டல, அப்படியே திரும்பி வந்துச்சு. இன்னொரு கூத்து, அக்டோபர் சமயத்துல ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்னு மெசேஜ் வந்துச்சு, ஆஹா நம்ம பொங்கல்னு நெனச்சு ஒரு சட்டி சக்கரைப்பொங்கல் வச்சு எடுத்துட்டுப் போனேன். அங்க பாத்தா எல்லாரும் பீன்ஸ் டின்னும் சூப் டின்னும் கொண்டாந்து அடுக்குறாங்க, ஏழைங்களுக்கு குடுக்குறதுக்காம். ஸ்கூல் ஆஃபீஸ்ல வேலை பாக்குற அம்மா ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டு நல்லாயிருக்குன்னாங்க, அது வரைக்கும் சந்தோஷம்.

இதெல்லாம் போகப் போக தெரிஞ்சுடும். இனிமே சொல்றதுதான் எங்களுக்கு 240 பவுண்டும் அதவிட பெருசா மானமும் போன கதை.

இந்த ஊர் பெரிய லீவு ஜூலை கடைசியில ஆரம்பிச்சு செப்டம்பர் மொத வாரத்துல முடியும். நம்ம பஞ்சாங்கத்த எடுத்துப் பாருங்க, அதுல பாதிக்கு மேல ஆடி மாசம். ஆடியில யார் கல்யாணம் வைப்பா? ஆவணி பொறந்து ரெண்டு வாரத்துல லீவு முடிஞ்சு போகும், முகூர்த்தம் எல்லாம் அதுக்கப்புறம் வரிசையா நிக்கும். போன வருஷம் என் தங்கச்சி கல்யாணம் அப்படித்தான், ஸ்கூல் திறந்தது புதன்கிழமை, முகூர்த்தம் வியாழக்கிழமை. கூடப்பிறந்தவ கல்யாணத்துக்கு போகாம இருக்க முடியுமா. சரி, வெள்ளிக்கிழமையே கிளம்பியிருக்கலாம். மறுவீடு, குலதெய்வம் கோயில், அத்தோட செவ்வாய்க்கிழமை டிக்கெட் ஆளுக்கு நூத்தி முப்பது பவுண்ட் கம்மி. அப்படியே இழுத்து இழுத்து வியாழக்கிழமைதான் பிள்ளைங்க ஸ்கூலுக்கு போச்சுங்க. ஆறு நாள் லீவு.

ஆறு நாள் லீவுன்னா நமக்கு என்ன? ஒரு லீவ் லெட்டர். காய்ச்சல்னு எழுதினா முடிஞ்சது, நாம எல்லாரும் எழுதினதுதானே, பத்து வருஷமா ஒரே லெட்டர், தேதிய மட்டும் மாத்தி. நானும் ஸ்கூல் ஆப்ல ரெண்டு பிள்ளைக்கும் வைரல் ஃபீவர்னு போட்டுட்டு பட்டுப்புடவைய மாத்த போயிட்டேன்.

முதல் தப்பு, இங்க பிள்ளை வரலன்னா சும்மா இருக்க மாட்டாங்க, போன் வரும். பிள்ளை பத்திரமா இருக்கான்னு பாக்குறது அவங்க கடமை, போன் எடுக்கலன்னா வீட்டுக்கே வந்து கதவு தட்டுவாங்க. எனக்கு மூணாவது நாள் போன் வந்துச்சு. நம்ம நம்பர் ரோமிங்ல இருந்தா அவங்களுக்கு கேக்குற ரிங் சத்தமே வேற மாதிரி இருக்குமாம், எனக்கு எங்க தெரியும். பின்னாடி நாதஸ்வரம் வேற, கல்யாண வீடியோவ பெரியப்பா சத்தமா வச்சு பாத்துட்டு இருக்காரு.

ரெண்டாவது, திரும்பி வந்து முதல் நாள் கேட்ல ஹெட் டீச்சர் நிக்கிறாங்க. சின்ன ஸ்கூல்ல ஹெட் தினமும் கேட்லதான் நிப்பாங்க, ஒவ்வொரு பிள்ளையும் பேர் சொல்லி கூப்பிடுவாங்க. என் பொண்ணப் பாத்து காய்ச்சல் சரியாயிடுச்சான்னு கேட்டாங்க. அவ ரெண்டு கையையும் நீட்டி முழங்கை வரைக்கும் போட்ட மருதாணிய காட்டுறா. "சித்தி கல்யாணம் மிஸ், நான் பட்டுப்பாவாடை போட்டேன், மூணு ஐஸ்க்ரீம் சாப்பிட்டேன், யானை பாத்தேன்." நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கிறது? ஹெட் ஒண்ணும் சொல்லல, மருதாணி அழகா இருக்குன்னு சொல்லிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

இப்ப ரூல் என்னன்னு சொல்றேன், கவனமா படிங்க. ஒரு நாளுக்கு காலை ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு ரெண்டு செஷன். அனுமதி இல்லாம பத்து செஷன், அதாவது அஞ்சு நாள், பத்து ஸ்கூல் வாரத்துக்குள்ள விட்டா ஃபைன் போடலாம். 2024 ஆகஸ்ட்ல இருந்து இங்கிலாந்து முழுக்க இதான் கணக்கு. தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, அங்க ரெண்டு இங்க மூணுன்னாலும் கூட்டிக்குவாங்க. காலையில அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர் மூடினப்புறம் கொண்டு போய் விட்டாலும் அந்த செஷன் லீவுதான், அதனால "நாலு நாள்தானே போட்டோம்"னு இருக்காதீங்க, ரெண்டு நாள் ரொம்ப லேட்டா போனா பத்து நிறைஞ்சிரும்.

ஃபைன் 160 பவுண்ட், 28 நாளைக்குள்ள கட்டணும், 21 நாளைக்குள்ள கட்டினா 80. இது ஒரு குடும்பத்துக்கு இல்ல. ஒரு பிள்ளைக்கு, ஒரு பேரன்ட்டுக்கு. அப்பாவுக்கு தனி, அம்மாவுக்கு தனி. நாங்க விழுந்த குழி இதான். ரெண்டு கவர் வந்துச்சு, ஒரே கவுன்சில், ஒரே மாதிரி லெட்டர், ஒண்ணுல என் பேரு, ஒண்ணுல அவர் பேரு. ரெண்டு பேருக்கும் காப்பி அனுப்பியிருக்காங்கன்னு அவரு நெனச்சு, என்னோடத கட்டிட்டு அவரோடத ஃப்ரிட்ஜ் மேல போட்டுட்டாரு. ஃப்ரிட்ஜ் மேல போட்டது எதுவும் எங்க வீட்ல திரும்பி வந்ததில்ல. இருபத்தி நாலாவது நாள் கரன்ட் பில் தேடும்போது கையில சிக்குது, 21 நாள் தாண்டிப் போச்சு, முழுசா 160. 28 நாள் முடியுறதுக்குள்ள அது கெடச்சதே குலதெய்வம் புண்ணியம்.

பையனுக்கு ஃபைன் வரல, ஏன்னா அப்ப அவனுக்கு நாலு வயசு. சட்டப்படி கட்டாயம் ஸ்கூலுக்கு போகணும்ங்கிறது அஞ்சு வயசு முடிஞ்சு அடுத்த டேர்ம்ல இருந்துதான். இந்த ஜூன்ல அவனுக்கும் அஞ்சு ஆயிடுச்சு, இனிமே தப்பு பண்ணா நாலு கவர் வரும்.

இதக் கேட்டுட்டு ஒரு நண்பர் சொல்றாரு, "டிக்கெட்ல மிச்சமாகுறத பாத்தா ஃபைன் கட்டுறதே லாபம்க்கா". கேக்க நல்லாத்தான் இருக்கும். மூணு வருஷத்துக்குள்ள அதே பிள்ளைக்கு ரெண்டாவது தடவைன்னா 80ங்கிற சலுகையே கிடையாது, நேரா 160. மூணாவது தடவை ஃபைன் லெட்டரே வராது, கேஸ் கோர்ட்டுக்கு போகலாம், 2,500 பவுண்ட் வரைக்கும் போடலாம். ஃபைன குடுத்த கெடுவுக்குள்ள கட்டிட்டா அது குற்ற ரெக்கார்ட் இல்ல, ஆனா கோர்ட்டுல தண்டனைன்னு ஆச்சுன்னா நாளைக்கு ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா தங்குறதுக்கான அனுமதி) ஃபாரம் நிரப்பும்போது அதையும் எழுதணும். விசாவுல இருக்குற நாம நூத்தி முப்பது பவுண்டுக்கு இந்த வம்ப வாங்கணுமா? இன்னொண்ணு, ஊருக்குப் போய் ஒரு மாசம் ரெண்டு மாசம் உக்காந்துட்டீங்கன்னா ஸ்கூல் ரோல்ல இருந்து பேரையே எடுத்துடலாம், சின்ன ஸ்கூல்ல சீட்டு போனா அந்த இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல ஆள் இருக்கும்.

ஸ்கூல் காசு பறிக்குதுன்னு நானும் முதல்ல கத்தினேன். அந்தக் காசு ஸ்கூலுக்கு போறதில்ல, கவுன்சிலுக்கு போகுது. அப்புறம் ஒரு நாள் ஹெட்கிட்ட நானே போய் சாரி சொன்னேன், பொய் சொன்னதுக்கு. அவங்க சொன்னது இன்னும் உறுத்துது: முன்னாடியே ஃபாரம் குடுத்து கேட்டிருந்தா கல்யாணத்துக்குன்னு ஒரு நாளாவது குடுத்திருப்பேன்னாங்க. ஒரு நாள் அவங்க குடுத்து, நாங்களும் வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தா பத்து செஷனே வந்திருக்காது. எல்லா ஹெட்டும் குடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன், விசேஷ காரணம்னு அவங்களுக்கு தோணணும், ஆனா கேக்காம போனா கெடைக்கிறது பூஜ்யம்.

அம்மாகிட்ட போன்ல புலம்பினேன், எனக்கு ஆதரவா ரெண்டு வார்த்தை பேசுவாங்கன்னு. "நான் எத்தன வீட்டு வாசல்ல போய் நின்னு பிள்ளைங்கள கூட்டியாந்திருப்பேன், தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளைய எல்லாம் இழுத்துட்டு வந்தேன், நீ டீச்சர் மகளா இருந்துகிட்டு காய்ச்சல்னு எழுதினியா"ன்னு அவங்க பங்குக்கு அரைமணி நேரம். இந்த ஊர் ஹெட்டும் எங்கம்மாவும் ஒரு கட்சி.

தீபாவளிக்கு பயப்பட வேணாம். மதப் பண்டிகை நாளுக்கு லீவு கேட்டா அத அனுமதி இல்லாத லீவுன்னு போட மாட்டாங்க, ஆனா முன்னாடியே எழுதிக் குடுங்க, கேக்குறது அந்த ஒரு நாளுக்குத்தான், முந்தின நாள் முறுக்கு சுடவும் மறுநாள் தூங்கவும் இல்ல. 2026ல தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை, அந்தப் பிரச்சனையே இல்ல.

கல்யாணம்னா முகூர்த்தம் குறிக்கிறதுக்கு முன்னாடியே ஊருக்கு தேதி அனுப்பிடுங்க. கவுன்சில் டேர்ம் தேதிய ரொம்ப முன்னாடியே போட்டுருவாங்க, ஆனா டீச்சருங்க ட்ரெய்னிங் நாள் அஞ்சு ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், சில ஸ்கூல் தேதியே தனியா வச்சிருக்கும், அதனால உங்க ஸ்கூல் போட்டத பாத்து எடுங்க. நான் பாத்த வரைக்கும் நமக்கு தோதானது மே கடைசி வார ஹாஃப் டேர்ம் (டேர்ம் நடுவுல விடுற லீவு), வைகாசி நடுவுல வரும், முகூர்த்தமும் கெடைக்கும். ஒரு வாரந்தான், வெயில் மண்டைய பொளக்கும், டிக்கெட் விலைய பாத்தா அழுக வரும்.

தம்பிக்கு பொண்ணு பாத்திருக்காங்க. அப்பா போன வாரம் போன் பண்ணி, ஜோசியர் வீட்டு வாசல்ல நிக்கிறேன், பேத்தி லீவு என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு சொல்லு, எழுதிக்கிறேன்னாரு. சொன்னேன். எழுதிட்டு, "பேரனுக்கும் அதே தேதிதானா, இல்ல அவனுக்கு வேறயா"ன்னு கேட்டுட்டு உள்ள போனாரு.